சாய்கோடு செய்த குழப்பம்: கணிப்பொறியில் பெயர் வைப்பது பற்றி ஒரு பாடம்

நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி கணிப்பொறி பற்றி எளிய தமிழில் எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என் அக்காள் மகனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த ஒரு சின்னக் கோட்டைப் பற்றியே எழுதி விடுகிறேன். சாய்கோடு என்று நாம் சொல்லும் '/' என்ற கோடுதான் அது.

முதலில் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அக்காள் கொழுந்து பறித்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. பிறகு மறையூர், சின்னாறு வழியாக மலையிறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் கல்லூரி. படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வேறு கம்பெனிகளின் சர்வர் கணிப்பொறிகளைத் தூரத்திலிருந்தே பராமரிக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்தில் கணிப்பொறி வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். 2017 பொங்கலுக்குக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் முகத்தில் களையே இல்லை. சாப்பிட்ட இலையை மூடிவிட்டு, திண்ணையில் மடிக்கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டான்.

"என்ன மாப்ளே, பொங்கலும் அதுவுமா?" என்றேன்.

"மாமா, நான் பொய் எழுதல மாமா. போட்டேன். போட்டதத் திரும்பப் படிச்சும் பாத்தேன். இருக்குன்னுதான் சொல்லுச்சு. ஆனா இல்லியாம்" என்றான். குரல் உடைந்து விட்டது.

நடந்தது இதுதான். இணையத்தில் போகும் செய்திகளைப் பிறர் படிக்காதபடி மறைத்து அனுப்பப் பல முறைகள் உண்டு. அவற்றுள் ஒன்று ஆர்சி4. ரான் ரிவெஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1987 இல் வகுத்தது. நெடுங்காலம் உலகமெங்கும் பயன்பட்டது. பிறகு அதில் ஓட்டைகள் தெரிய வந்தன. 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், விண்டோஸில் அதை எப்படி நிறுத்தி வைப்பது என்று அறிவிப்பு வெளியிட்டது. 2015 பிப்ரவரியில் இணைய விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, பாதுகாப்பான இணைப்புகளில் ஆர்சி4 கூடவே கூடாது என்று விலக்கி விட்டது. பையனிடம் கொடுத்த வேலை, பதினெட்டு பழைய சர்வர்களில் இந்தக் கதவை அடைப்பது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்யாமல், கட்டளைகளை ஒரு தாளில் எழுதுவதுபோல் எழுதிப் பதினெட்டிலும் ஓட்டினான். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. சரிபார்த்தான், 'முடிந்தது' என்று அறிக்கை கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து வெளியிலிருந்து வந்த சோதனையாளர்கள், பதினெட்டிலும் கதவு திறந்தே கிடக்கிறது என்று எழுதி விட்டார்கள். செய்யாமலே செய்ததாக எழுதினாயா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். வேலை நிரந்தரமாக அப்போது இன்னும் ஒரு மாதம் பாக்கி.

வாசகர்கள் பலருக்கு இந்த இடத்தில், அமைப்புகள் என்றால் என்ன, அவை எங்கே இருக்கின்றன என்ற கேள்வி எழும். அதைப் பார்த்துவிட்டுத் திண்ணைக்குத் திரும்புவோம்.

கணிப்பொறியின் பதிவறை

ஒரு கணிப்பொறி தன்னைப் பற்றிய விவரங்களை எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரையின் நிறம், கணிப்பொறியின் பெயர், எந்த ஃபைலை எந்த நிரல் திறக்கும், எந்த மறைப்பு முறை செல்லும், எது செல்லாது என்று ஆயிரக்கணக்கான குறிப்புகள். விண்டோஸில் இவை இருக்கும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 இல் சிறியதாக இருந்து, விண்டோஸ் 95 இல் எல்லாவற்றுக்கும் பொதுவான பதிவறையாக வளர்ந்தது.

தாலுகா ஆபீஸ் பதிவறையை மனத்தில் கொண்டு வாருங்கள். அலமாரி, அலமாரிக்குள் தட்டு, தட்டுக்குள் சிறு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் சில சீட்டுகள். ரெஜிஸ்ட்ரியில் தட்டுக்கு 'கீ' என்றும் சீட்டுக்கு 'வேல்யூ' என்றும் பெயர். சீட்டின் தலையில் ஒரு பெயர், கீழே ஓர் எண்ணோ சொல்லோ இருக்கும். ஆர்சி4 முறைக்கு உரிய தட்டில் 'எனேபிள்ட்' என்ற சீட்டை வைத்து அதில் 0 என்று எழுதினால், அந்தக் கதவு மூடிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான்.

இந்தத் தட்டுகளையும் சீட்டுகளையும் பார்த்தால் நமக்குப் பழக்கமான ஒன்று நினைவுக்கு வருகிறது அல்லவா? ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபைல். உருவம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே, 'பதிவறையையும் ஃபைல்களைப் போலவே காட்டிவிட்டால் என்ன? ஃபைல்களைத் தேட, படிக்க, நகலெடுக்க ஏற்கனவே கட்டளைகள் இருக்கின்றனவே, அவற்றையே இதற்கும் பயன்படுத்தலாமே' என்று நிரல் எழுதுவோருக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். எல்லாவற்றையும் ஃபைலாகக் காட்டுவது யுனிக்ஸ் மரபில் ஊறிய கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையே ஃபைல்களாகக் காட்டலாம் என்று டாம் கில்லியன் என்பவர் 1984 இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் 2006 இல் வெளியிட்ட பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியும் ரெஜிஸ்ட்ரியை ஒரு டிரைவ் போலக் காட்டுகிறது. சி டிரைவில் நுழைவது போல ரெஜிஸ்ட்ரிக்குள்ளும் நுழையலாம். பையன் பயன்படுத்தியது இதைத்தான்.

ஒன்றின் உருவத்தில் இன்னொன்றைக் காட்டும்போது, உருவம் எவ்வளவு பொருந்தினாலும் பெயர்கள் இடிக்கும். ஏனென்றால் பெயர் வைப்பதில் இரண்டு இடங்களுக்கும் வெவ்வேறு சட்டம்.

128/128

திண்ணைக்கு வருவோம். பையன் தன் மடிக்கணிப்பொறியிலேயே அந்தக் கட்டளையை ஓட்டி எனக்குக் காட்டினான். பிறகு ரெஜிஸ்ட்ரியைப் பார்ப்பதற்கென்றே விண்டோஸில் உள்ள பழைய கருவியைத் திறந்தான். தட்டின் பெயர் 'ஆர்சி4 128/128' என்று இருக்க வேண்டும். (திரையில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.) திரையில் இருந்ததோ 'ஆர்சி4 128' என்ற ஒரு தட்டு. அதன் இடப்பக்கம், உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று காட்டும் சிறு முக்கோணக் குறி. அதைத் தொட்டால் உள்ளே '128' என்ற குழந்தைத் தட்டு. 0 என்று எழுதிய சீட்டு அந்தக் குழந்தைத் தட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

எனக்குக் கணிப்பொறியில் பெரிய புலமை கிடையாது. பள்ளி ஆசிரியனாக இருந்து, கடைசிப் பத்து வருடம் பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் பார்த்தவன், அவ்வளவே. ஆனால் நிலத்தோடு பிறந்தவன். அதைப் பார்த்ததும், "இதென்ன மாப்ளே, சர்வே நம்பர் சப்-டிவிஷன் மாதிரி இருக்கே" என்று வாய் தன்னால் சொல்லி விட்டது.

சித்தூர் தாலுகாவில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். 214 என்பது ஒரு சர்வே எண். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் 214/1, 214/2 என்று உட்பிரிவு ஆகும். 214/3 என்று எழுதினால், 214 ஆம் எண் நிலத்துக்குள் மூன்றாவது துண்டு என்று பொருள். பஞ்சாயத்து வீட்டு நம்பரும் அப்படித்தான். 5/312 என்றால் ஐந்தாம் வார்டுக்குள் 312 ஆம் வீடு. இந்த இடங்களில் சாய்கோடு என்பது 'உள்ளே' என்று பொருள்படும் ஒரு படி.

ஆனால் 128/128 இல் அந்தப் பொருள் இல்லை. 128 பிட் நீளமுள்ள சாவியில் 128 பிட்டும் பயன்படுகிறது என்பதற்காக வைத்த பெயர் அது. அதே வரிசையில் 40/128, 56/128, 64/128 என்றும் தட்டுகள் உண்டு. பரீட்சைத் தாளில் 40/100 என்று மதிப்பெண் போடுகிறோமே, அந்த வகைச் சாய்கோடு. நாற்பதுக்கு உள்ளே நூறு என்று யாரும் படிப்பதில்லை.

ரெஜிஸ்ட்ரியின் சட்டப்படி தட்டைப் பிரிக்கும் குறி '\' என்ற எதிர்ச் சாய்கோடு ஒன்றுதான். '/' என்பது அங்கே அ, ஆ போல வெறும் எழுத்து. பெயரில் தாராளமாக வரலாம். பவர்ஷெல்லோ இரண்டு கோட்டையும் படியாகவே எடுத்துக்கொள்கிறது, ஃபைல் பாதைகளை எழுதுவோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று. போதாக்குறைக்கு, வழியில் இல்லாத தட்டுகளையும் நீயே செய்துகொள் என்று பொருள்படும் 'ஃபோர்ஸ்' என்ற சொல்லையும் பையன் கட்டளையில் சேர்த்திருந்தான். அது இல்லாவிட்டால், 'ஆர்சி4 128 என்ற தாய்த் தட்டு இல்லையே' என்று கருவி முறையிட்டிருக்கும். சேர்த்ததால், சத்தமில்லாமல் இல்லாத தாயைப் படைத்து, அதற்குள் பிள்ளையையும் வைத்து விட்டது.

சரிபார்த்தேன் என்றானே, அதில் என்ன நடந்தது? அதே பவர்ஷெல்லிடம் அதே பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டான். அது மறுபடியும் சாய்கோட்டைப் படியாகவே படித்து, தான் செய்து வைத்த குழந்தைத் தட்டையே போய்ப் பார்த்து, இருக்கிறது, 0 என்றும் இருக்கிறது என்று பதில் சொல்லி விட்டது. தப்பாக முகவரி எழுதியவனிடமே முகவரி சரிதானா என்று கேட்ட கதை. விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியோ '128/128' என்ற முழுப் பெயரைத் தேடியது. அப்படி ஒரு தட்டே இல்லை. தட்டு இல்லையென்றால் வழக்கம்போல் நடப்பது என்று பொருள். கதவு திறந்தே இருந்தது.

இன்னொன்றையும் அன்று கவனித்தோம். பட்டியலில் சாய்கோடு இல்லாத பெயர்களும் இருந்தன, 'டிரிப்பிள் டெஸ் 168' என்பது போல. அவை எல்லாம் சரியாகவே ஏறியிருந்தன. பாதி வேலை ஒழுங்காக நடந்ததால் மீதியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முழுக்கத் தப்பியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இதே வீட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் '*' என்று ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பெயராகக் கொண்ட தட்டு நிஜமாகவே இருக்கிறது. எல்லா வகை ஃபைலுக்கும் பொதுவான அமைப்புகள் அதில் உள்ளன. ஃபைல் கட்டளைகளிலோ நட்சத்திரம் என்றால் 'எதுவானாலும்' என்று பொருள். விவரம் தெரியாமல் நட்சத்திரத் தட்டில் ஒரு சீட்டைப் போடு என்றால், பக்கத்தில் உள்ள ஆயிரக்கணக்கான தட்டுகளையும் கருவி தட்டிப் பார்க்கக் கிளம்பி விடும். நான் எழுதியதை எழுத்துப்படியே எடுத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது நட்சத்திரத்துக்கு உதவும். சாய்கோட்டுக்கு உதவாது.

தேவிகுளத்துக்குள் தேவிகுளம்

அடுத்த இடிபாடு இன்னும் சுவையானது. இடுக்கி மாவட்டக்காரர்களுக்கு எளிதில் புரியும். தேவிகுளம் என்பது ஒரு தாலுகாவின் பெயர். அந்தத் தாலுகாவுக்குள் உள்ள ஊரின் பெயரும் தேவிகுளம். பஞ்சாயத்துக்கும் அதே பெயர், சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். 'தேவிகுளம் போகிறேன்' என்று மறையூர்க்காரர் சொன்னால், அவர் ஏற்கனவே தேவிகுளத்தில்தானே இருக்கிறார் என்று நாம் குதர்க்கம் பேசுவதில்லை. பேச்சின் போக்கிலேயே விளங்கி விடுகிறது.

ரெஜிஸ்ட்ரியும் அப்படித்தான். ஒரு தட்டுக்குள் 'தேவிகுளம்' என்று ஒரு குழந்தைத் தட்டும் இருக்கலாம், 'தேவிகுளம்' என்ற தலைப்பில் ஒரு சீட்டும் இருக்கலாம். தட்டுகளுக்குத் தனி வரிசை, சீட்டுகளுக்குத் தனி வரிசை என்பதால் மோதல் இல்லை. ஆனால் ஃபைல்களின் உலகில் ஒரு ஃபோல்டருக்குள் ஒரு பெயர் ஒன்றுக்குத்தான். ஃபோல்டரும் ஃபைலும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் இருக்க முடியாது. அப்படியானால் ரெஜிஸ்ட்ரியை ஃபைல்களாகக் காட்டுபவர் இந்த இரண்டு தேவிகுளத்தையும் எப்படிக் காட்டுவார்?

பவர்ஷெல் இதில் தப்பித்துக்கொண்டது. தட்டை மட்டும் ஃபோல்டராகக் காட்டும். சீட்டுகளை ஃபைலாகக் காட்டாமல், தட்டின் மேல் ஒட்டியுள்ள குணங்களாக வைத்துக்கொள்ளும். மோதல் இல்லை. ஆனால் சீட்டைப் படிக்க ஃபைல் படிக்கும் கட்டளை உதவாது, வேறு கட்டளை வேண்டும். ஃபைல் போலக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்து, பாதி வழியில் இறங்கிக்கொண்ட கதைதான்.

சிக்வின் என்று ஒரு மென்பொருள் உண்டு. விண்டோஸில் உட்கார்ந்துகொண்டே யுனிக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்த உதவுவது. அது முழு வழியும் போகிறது. தட்டு ஃபோல்டர், சீட்டு ஃபைல். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால், தட்டுக்குப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, சீட்டின் பெயருக்குப் பின்னால் '%வேல்' என்று ஒட்டி விடும். தேவிகுளம் என்றால் தாலுகா, தேவிகுளம்%வேல் என்றால் சீட்டு. பெயரே இல்லாத சீட்டு ஒன்றும் ரெஜிஸ்ட்ரியில் உண்டு, தட்டின் பொதுச் சீட்டு. ஃபைலுக்குப் பெயர் இல்லாமல் முடியாதே? அதற்கு '@' என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பெயருக்குள் வரும் சாய்கோட்டைச் சிக்வின் '%2எஃப்' என்று மாற்றிக் காட்டுகிறது. பிள்ளைகள் கவனிக்கவும். கணிப்பொறியின் எழுத்து அட்டவணையில் சாய்கோட்டின் எண் 47. பதினாறின் அடிப்படையில் எழுதினால் 2 ம், பதினைந்தைக் குறிக்கும் எஃப்-உம். இரண்டு பதினாறு முப்பத்திரண்டு, கூட்டல் பதினைந்து, நாற்பத்தேழு. சரி, பெயரிலேயே '%' இருந்தால் என்ன செய்வது? அதையும் அதன் எண்ணாக மாற்றி '%25' என்று எழுதி விடுகிறார்கள். இப்படிச் செய்வதால், திரையில் வெறும் '%வேல்' என்று பார்த்தால் அது சிக்வின் ஒட்டியதே தவிர இயற்பெயரின் பகுதி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். கண்ணுக்கு அழகாக இல்லை. ஆனால் போன வழியே திரும்பி வந்து மூலப் பெயரை எழுத்துப் பிசகாமல் எடுக்க முடியும். என்னைக் கேட்டால், அழகைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

அழகுக்காகப் போய் மாட்டிக்கொண்டவனும் நான்தான். நிலவரி ரசீதை ஸ்கேன் செய்து '214/3' என்று பெயர் வைக்கப் போனேன். விண்டோஸ் மறுத்து விட்டது. சரி என்று '214-3' என்று வைத்தேன். ஆறு மாதம் கழித்து, 214 முதல் 3 பக்கம் என்று நான் வேறெதற்கோ எழுதியதா, அல்லது சர்வே எண்ணா என்று எனக்கே தெரியவில்லை. கோடு மாற்றும்போது, எதை எதுவாக மாற்றினோம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பெயர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டு வழக்கப்படி இனிஷியல் முன்னால் வரும், கேரளப் பள்ளிப் பதிவேட்டில் பெரும்பாலும் பின்னால் போய்விடும். 'கண்ணன் எம்.' என்று கடைசியில் புள்ளி வைத்து விண்டோஸில் ஃபோல்டர் செய்து பாருங்கள். கடைசிப் புள்ளியை அது சொல்லாமல் கொள்ளாமல் நீக்கி விடும். புள்ளி உள்ள கண்ணனும் புள்ளி இல்லாத கண்ணனும் ஒரே ஆளாகி விடுவார்கள். ஒரு வருடம் வகுப்புப் பட்டியலை இப்படி ஃபோல்டர்களாக வைத்து, இரண்டு பிள்ளைகளின் வேலையை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிவிட்டு நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக் கணிப்பொறியில்

விண்டோஸ் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கேரளத்தில் 2001 இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதுவே 2017 இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. அதன் வழியாக நம் அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளில் லினக்ஸ் வந்தது. ஆகவே சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தினமும் தொடும் கணிப்பொறியிலேயே இந்தப் பாடத்தின் மறுபாதி இருக்கிறது.

லினக்ஸில் 'ப்ராக்' என்ற டைரக்டரிக்குள் 'சிஸ்' என்று ஒன்று உண்டு. அதற்குள் இருப்பவை பார்வைக்கு ஃபைல்கள். ஆனால் வட்டில் எங்கும் எழுதப்பட்டவை அல்ல. அளவு கேட்டால் பூஜ்யம் என்று காட்டும், திறந்தால் உள்ளே விவரம் இருக்கும். திறக்கும் கணத்தில் இயங்குதளத்தின் கருவே பதில் எழுதித் தருகிறது. ஓடுகிற கணிப்பொறியின் அமைப்புகளை இப்படி ஃபைல் வேடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த அமைப்புகளைச் 'சிஸ்சிடிஎல்' என்ற கட்டளையாலும் மாற்றலாம். அதில் படிகளைச் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளியால் பிரிப்பது வழக்கம்: நெட், புள்ளி, ஐபிவி4, புள்ளி, கான்ஃப் என்று. ஒரே கம்பியில் பல தனி வலைகள் ஓடும்போது, அவற்றுக்கு 'ஈத்0.100' என்பது போலப் பெயர் வைப்பார்கள். பெயருக்குள்ளேயே புள்ளி! கட்டளை அதைப் படியென்று எண்ணி, ஈத்0 என்ற டைரக்டரிக்குள் 100 என்ற பிள்ளையைத் தேடும். நம் 128/128 கதையேதான், கோட்டுக்குப் பதில் புள்ளி. இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது. புள்ளியைப் படியாகப் பயன்படுத்தும்போது, பெயருக்குள் உள்ள புள்ளியைச் சாய்கோடாக எழுத வேண்டும்: ஈத்0/100 என்று. இரண்டு குறிகளும் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. முழுவதையும் சாய்கோட்டாலேயே எழுதிவிட்டால் புள்ளியைத் தொட வேண்டியதில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்லிக் கொடுப்பேன்.

லினக்ஸில் வேறொரு மூலையில், சாதனங்களின் விவரங்களைக் காட்டும் 'சிஸ்எஃப்எஸ்' பகுதியில், இன்னொரு தந்திரம். சில வட்டுக் கருவிகளின் பெயரிலேயே சாய்கோடு இருந்தது, 'சிசிஸ்/சி0டி0' என்பது போல. ஃபைல் பெயரில் சாய்கோடு வரவே கூடாது என்பதால், அதை ஆச்சரியக் குறியாக்கி 'சிசிஸ்!சி0டி0' என்று காட்டினார்கள். ஒன்றும் புரியாமல் முதன்முதலில் பார்ப்பவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இவை எல்லாம் மாற்றி எழுதும் வழிகள். மாற்றவே முடியாத இடமும் ஒன்று உண்டு. நெட், ஐபிவி4, கான்ஃப் என்ற அந்த டைரக்டரியில், கணிப்பொறியிலுள்ள ஒவ்வொரு வலை இணைப்புக்கும் அதன் பெயரில் ஒரு டைரக்டரி இருக்கும். கூடவே 'ஆல்' என்று ஒன்று, எல்லா இணைப்புக்கும் பொது. 'டிஃபால்ட்' என்று ஒன்று, இனி வரப்போகும் இணைப்புக்கு. பொதுப் பெயர்களும் தனி ஆட்களின் பெயர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குறும்புக்காரன் ஒருவன் தன் வலை இணைப்புக்கே 'ஆல்' என்று பெயர் வைத்தால்? ஊரில் ஒருவர் தன் பிள்ளைக்கு 'எல்லோரும்' என்று பெயர் வைத்தது போல. 'எல்லோரும் வரவும்' என்று ஓலை அனுப்பினால் அந்தப் பிள்ளை மட்டும் வருமா, ஊரே வருமா? முன்பெல்லாம் இப்படிப் பெயர் வைத்தால் கரு பெரிய எச்சரிக்கையைக் கொட்டும். 2014 இல் லினக்ஸ் கருவைத் திருத்தி, 'ஆல்', 'டிஃபால்ட்' என்ற இரண்டு பெயரையும் வாசலிலேயே மறுத்து விடும்படி செய்தார்கள். குறி போட்டு மாற்றிக் காட்டியிருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு பெயரையும் நம்பி உலகமெங்கும் கட்டளைகள் எழுதப்பட்டு விட்டன. இப்படிப்பட்ட இடத்தில் நேரடியாக மறுப்பதே யோக்கியமான வழி. பவர்ஷெல்லும் அன்று 'இந்தப் பெயரில் சாய்கோடு இருக்கிறது, என்னால் ஆகாது' என்று ஒரு வரி மறுத்திருந்தால், என் அக்காள் மகனுக்குப் பொங்கல் இனித்திருக்கும்.

பிறகு நடந்தது

தவறு எங்கே என்று தெரிந்ததும் திருத்துவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. விண்டோஸோடு வரும் 'ரெக்' என்ற பழைய கட்டளை, சாய்கோட்டைப் பெயரின் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. பவர்ஷெல்லுக்கு உள்ளிருந்தும் ரெஜிஸ்ட்ரியின் சொந்த வழியை நேரே கூப்பிட்டுத் தட்டைத் திறக்கலாம், அங்கே எதிர்ச் சாய்கோடு மட்டும்தான் படி. பையன் நான்கு ஆர்சி4 தட்டுகளையும் முழுப் பெயரோடு செய்தான். தவறாகப் பிறந்திருந்த தாய்த் தட்டுகளையும் அவற்றின் பிள்ளைகளையும் நீக்கினான். பிறகு ரெஜிஸ்ட்ரியைக் கேட்காமல், சர்வரை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தான். ஆர்சி4 இல் பேசலாமா என்று கேட்டால், முடியாது என்று பதில் வர வேண்டும். வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து போனவன், பழைய கட்டளை, அது செய்து வைத்த இரட்டைத் தட்டின் படம், பழைய சரிபார்ப்பு 'இருக்கிறது' என்று சொன்ன பதில், மூன்றையும் ஒரே தாளில் வைத்து மேலாளரிடம் கொடுத்தான். அவர் தன் கணிப்பொறியிலேயே ஓட்டிப் பார்த்தாராம். செய்யாமல் எழுதினான் என்ற பேச்சு அதோடு நின்றது. ஆனாலும் நிரந்தர ஆணை மூன்று மாதம் தள்ளித்தான் வந்தது. வெளியாட்களின் அறிக்கை அறிக்கைதானே என்றார்களாம். அக்காளுக்கு இன்றுவரை அந்த மூன்று மாதக் காரணம் சரியாக விளங்கவில்லை. 'ஒரு கோட்டுக்காகவா?' என்று கேட்பாள். கோடு போட்டு நிலத்தைப் பிரித்த குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கிறாயே என்று நான் சொல்வதுண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. பள்ளிக் கணிப்பொறியில் டெர்மினலைத் திறந்து, ப்ராக், சிஸ், நெட், ஐபிவி4, கான்ஃப் என்று வரிசையாக உள்ளே போய், அங்குள்ள டைரக்டரிகளின் பெயரைப் பாருங்கள். படிப்பதால் எதுவும் கெடாது. மாற்றுவதற்குத் தனி அதிகாரம் வேண்டும், அதைத் தொட வேண்டாம். 'ஆல்', 'டிஃபால்ட்', 'லோ' மூன்றும் தெரியும். அவை தவிர வேறு எத்தனை பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் எதிலாவது புள்ளி இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் மட்டும் உள்ள வீடுகளில், ஒரு ஃபோல்டருக்கு உங்கள் வீட்டு நம்பரைச் சாய்கோட்டோடு பெயராக வைக்க முயன்று பாருங்கள். எந்தெந்தக் குறிகள் ஆகாது என்று அதுவே பட்டியல் தரும். அந்தப் பட்டியலையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.